நடைப்பிணை

பக்கத்து ஐஸ் கம்பெனியின் அமோனியாக் குழாய் வெடித்த திங்கட்கிழமை காலையில் பெனினா ஓடினாள். நாற்பத்தாறு வயது, இடது முழங்காலில் பழைய வலி, காலில் ரப்பர் செருப்பு. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் அப்படி ஓடியதே கிடையாது. பதிவு நிலையத்தின் பின்வாசல் வழியாக இறங்கி, மணலில் செருப்பை விட்டுவிட்டு, தார்ச்சாலை வரைக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தாள். தொடையில் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. திரும்பிப் பார்த்தபோது நிலையத்தைக் காணவில்லை. வெள்ளையாக ஒரு புகை தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அதற்குள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். ஊருக்குத் தெரிந்தவரை அவர்களில் ஒருவராலும் ஓட முடியாது. ஓட முடியாதபடி மாதாமாதம் அவர்களுக்கு ஊசி போட்டவள் அவள்தான்.

சிப்பிவிளை, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர். அங்கே நடைப்பிணைப் பதிவு நிலையம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சிறைகள் நிரம்பி வழிந்த காலம். வழக்கு முடியும்வரை ஒருவரை உள்ளே அடைத்துவைப்பதைவிட அவர் தசையை அடைத்துவைப்பது நாகரிகமானது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். மாதம் ஒரு ஊசி. வீட்டில் இருக்கலாம், பெண்டாட்டி பிள்ளையோடு சாப்பிடலாம், மெதுவாக நடக்கலாம். ஓட முடியாது, பாரம் தூக்க முடியாது, யாரையும் அடிக்க முடியாது. அரசாணையில் அதற்கு 'நடைப்பிணை' என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கடைசியைக் கொஞ்சம் மாற்றி 'நடைப்பிணம்' என்றார்கள்.

முதல் ஊசிக்கு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் நிலையத்தின் நர்ஸான பெனினாவின் வேலைதான். நாசரேத்துக்காரி, எதையும் நிதானமாகச் சொல்லக்கூடியவள்.

"ஒங்க தொடையிலயும் கையிலயும் சர்க்கரை கட்டிக்கட்டியா சேத்து வச்சிருக்குய்யா. கால மடக்குன ஒடனே, 'அவுத்து விடு'ன்னு உள்ளுக்குள்ள ஒரு சைகை போவும். அந்தச் சைகையக் கேட்டு, கட்டிய ஒடச்சி சர்க்கரைய எடுத்துக் குடுக்க ஒரு ஆள் இருக்கு. அப்பத்தான் நீங்க ஓட முடியும். இந்த ஊசி அந்த ஆளோட கையக் கட்டிப்போட்டுரும். சர்க்கரை அங்கனயே இருக்கும், எடுக்க முடியாது."

"அப்ப எப்படி நடக்கது?"

"ரத்தத்துல வாரத வச்சி நடக்கலாம். மெதுவா. மொத பத்து நிமிசம் கஷ்டமா இருக்கும், பெறவு சரியாயிரும். ஓடணும்னு மட்டும் நெனைக்காதிய. ஓடுனா தசை முறுக்கிக்கிட்டு நார்நாராப் போயிரும். ஒண்ணுக்கு கறுப்பாப் போவும். சிறுநீரகம் கெட்டுரும்."

உச்சிமாகாளிக்கு அதுதான் நடந்தது. இருபத்தேழு வயது, மீன்தூள் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது மேலாளரைத் தள்ளிவிட்டதாக வழக்கு. சுற்றுவட்டாரக் கபடி ஆட்டங்களில் அவன் பாடிப்போனால் எதிரணி பின்வாங்கும் என்பார்கள். ஊசி போட ஆரம்பித்த ஐந்தாம் மாதம், அவனுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை தார்ச்சாலைக்கு ஓடியது. லாரி வந்துகொண்டிருந்தது. அவன் பதினைந்து எட்டு ஓடிக் குழந்தையைப் பிடித்துவிட்டான். பிடித்தபடியே விழுந்து, இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போயிற்று.

பெனினா மேலிடத்துக்கு எழுதினாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த ஆள் பிழைக்கமாட்டார், ஊசியை நிறுத்த அனுமதி வேண்டும் என்று கேட்டாள். 'அளவில் மாற்றம் தேவையில்லை' என்று ஒரு வரி பதில் வந்தது.

அடுத்த மாத ஊசிக்கான திங்கட்கிழமை அவன் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்தபோது, அவள் ஊசியில் வெறும் உப்புத்தண்ணீரை ஏற்றியிருந்தாள். அப்படிச் செய்யப்போகிறோம் என்று காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட அவளுக்குத் தெரியாது. கை தானாகப் போய் இன்னொரு குப்பியை எடுத்தது.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓடிப்பார்ப்பான், யாராவது பார்ப்பார்கள், இரண்டு பேரும் மாட்டுவோம் என்று பயந்தாள். மாதாமாதம் ஒரு கைப்பிடிச் சோதனையும் உண்டு. விசைப்பிடியை ஒரு நிமிடம் அழுத்தி அழுத்தி விடவேண்டும். மருந்தால் தசைக்குப் பூட்டு விழுந்தவர்களுக்கு எண்ணிக்கை முப்பதைத் தாண்டாது, விரல்கள் மடங்கி நின்றுவிடும். உப்புத்தண்ணீர் போட்ட பிறகு வந்த மாதத்திலும் மாகாளி இருபத்தெட்டில் முகத்தைச் சுளித்துப் பிடியை விட்டுவிட்டான். அதற்கடுத்த மாதம் இருபத்தாறு. மருந்து போனாலும் மனசு நம்பவில்லை போல என்று பெனினா நினைத்துக்கொண்டாள். ஒருவகையில் அது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

நான்காவது உப்புத்தண்ணீரைப் போட்டு முடித்த திங்கட்கிழமை அன்றுதான் குழாய் வெடித்தது.

பதினோரு பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்த இருபது பேரில் பதினாறு பேர் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், நடந்தே வெளியே வந்துவிட்டார்கள். மீதி நான்கு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. யாரோ தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மணலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. தூக்கியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐஸ் கம்பெனி ஆளாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

இறந்தவர்களில் உச்சிமாகாளியும் ஒருவன். முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றியபடி நிலையத்தின் உள்ளே, ஊசி அறை வாசலில் கிடந்தான்.

பெனினாவுக்கு அதன் பிறகு பகல்கள்தான் கஷ்டமாக இருந்தன. பேருந்து கிளம்புகிறது என்று நாலு எட்டு ஓடினால், கால் கேட்ட உடனே கேட்டதைக் கொடுத்தது. உள்ளே கட்டி உடைந்து சர்க்கரை அவிழ்வதை அவள் உணர்வதுபோல் இருந்தது. அப்படியே நின்றுவிடுவாள். பேருந்து போய்விடும். மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துகொள்வாள். ஓடிய அன்று பின்வாசலில் ஒரு குரல், "சிஸ்டர், கையக் குடுங்க" என்றது. அவள் திரும்பவில்லை. யார் குரல் என்று தெரியாது. இறந்துபோன ஒவ்வொருவர் குரலிலும் அந்த மூன்று வார்த்தைகளை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாருக்கும் பொருந்தியது.

அவர்கள் நடையும் அவளை விடவில்லை. முப்பத்தொரு பேருக்கும் ஒரே நடை: பாதத்தை உயர்த்தாமல் தரையைத் தேய்த்து, பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கும் நடை. சந்தையில், கோயில் தெருவில், எங்காவது ஒரு கிழவர் காலைத் தேய்த்து நடந்தால் அவள் முதுகு சில்லிட்டது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. கேள்வி ஒன்றுதான்: ஊசி இல்லாமல் இருந்திருந்தால் இவர்கள் தப்பியிருப்பார்களா. ஆம் என்றால் திட்டம் முழுவதும் போய்விடும். மாநிலத்தில் நாற்பதாயிரம் பேர் அந்த ஊசியில் இருந்தார்கள்.

உடல்களைப் பரிசோதித்தவர் டாக்டர் தாஜுன்னிசா. காயல்பட்டினத்துக்காரர், தசைநோய்களைப் பற்றியே முப்பது வருடம் படித்தவர். ஆணையத்தின் முன் அறிக்கை கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பெனினாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மருந்து யாருக்கு எப்போது போடப்பட்டது என்ற பதிவேட்டைச் சரிபார்க்கவேண்டியிருந்தது.

"உக்காருங்க சிஸ்டர். எனக்கு ஒரு விஷயம் புரியலை" என்றார். "பதினோரு பேர் தொடையிலேர்ந்தும் அன்னைக்கு மத்தியானமே துணுக்கு எடுத்துட்டேன். பத்துப் பேருக்கு நான் எதிர்பார்த்ததுதான். கிளைக்கோஜன், அந்தச் சர்க்கரைக் கட்டி, அப்படியே இருக்கு. நிறைஞ்சு இருக்கு. ஒரு துளிகூட உடையலை. பாவம், உசுரு போற நேரத்துல உடம்பு கேட்டிருக்கும், தசை குடுக்கலை."

பெனினா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கு மட்டும் காலி. உச்சிமாகாளி. தொடை, தோள், முதுகு, எங்கேயும் ஒண்ணுமில்லை."

"செத்ததுக்கு அப்புறம் போயிருக்கும்ல, டாக்டர்?"

"நல்ல கேள்வி. பூட்டு இல்லாத தசை செத்தப்புறமும் கொஞ்ச நேரம் சர்க்கரையை உடைச்சுக்கிட்டே இருக்கும். அப்போ தசை புளிச்சுப்போகும். நிம்மதியா இருந்த ஆட்டை அறுத்தா கறி ஒரு மாதிரி இருக்கும், விரட்டி விரட்டிப் பிடிச்ச ஆட்டை அறுத்தா கறுத்து இறுகிப்போய் இருக்கும், கறிக்கடைக்காரரைக் கேளுங்க. இந்த உடம்பு அந்த ரெண்டாவது வகை. புளிக்கிறதுக்குக்கூட உள்ளே ஒண்ணும் மிச்சமில்லை. சாகுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் செலவழிச்சிட்டார். அந்த ஆள் ஓடியிருக்கார், சிஸ்டர். பாரத்தோட ஓடியிருக்கார். ஒருதரம் இல்லை, பலதரம்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் அடித்தது. நான்கு பேர். அவர்களைத் தூக்கியது யார் என்று பெனினாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"பதிவேட்டுல அவருக்கும் ஊசி போட்டதாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, நிஜமாகவே குழம்பியிருந்தார். "மருந்து எப்படி விட்டுக்கொடுத்துச்சுன்னு தெரியலை. தெரியலைன்னே எழுதப்போறேன்."

அப்படித்தான் எழுதினார். சிறைத்துறையின் வழக்கறிஞர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கனம் நீதிபதி அவர்களே" என்று நிதானமாக ஆரம்பித்தார். "பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அதுவும் தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை அவிழ்த்துவிடும் என்பது மருத்துவப் பாடம். உயிராபத்து நேரத்தில் இந்தப் பூட்டு தானே திறந்துகொள்ளும் என்பதற்கு உச்சிமாகாளியின் உடலே சாட்சி. அதே மருந்து, அதே அளவு, அதே அறை. அவரால் முடிந்திருக்கிறது. மற்ற பத்துப் பேரும் முயற்சி செய்யவில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஆனால் அது மருந்தின் குற்றமாகாது."

மண்டபத்தில் அந்தப் பத்துப் பேரின் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கறிஞர் சொன்னது பாதிப் பேருக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மெதுவாகச் சொன்னார்கள். முயற்சி செய்யவில்லையாம். உட்கார்ந்தே செத்தார்களாம். அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போவதைப் பெனினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் உச்சிமாகாளியின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி சுடலைவடிவு, வாசலில் கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை ஒரு ஓலைப்பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடியது. பெனினா நின்றபடியே சொல்லிவிட்டாள். நாலு மாதமாக வெறும் உப்புத்தண்ணீர்தான் போட்டேன், அவருக்கு அது தெரியாது, ஆணையத்தில் போய்ச் சொல்லப்போகிறேன், அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வந்தேன்.

சுடலைவடிவு கருவாட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவியளுக்குத் தெரியும், சிஸ்டர்."

"என்னது?"

"மொத மாசமே தெரியும். ஊசி போட்டு ரெண்டு வாரத்துல ஒரு நா விடியக்காலம் கடக்கரையில என்னயக் கூட்டிட்டுப் போயி, இங்கன நில்லுட்டின்னுட்டு ஓடிக் காட்டுனாவ. அந்தக் கலங்கரை விளக்கம் வரைக்கும். பிள்ளயத் தோள்ல வச்சிக்கிட்டு."

"விசைப்பிடிய இருபத்தெட்டுல விட்டாரே."

"நடிப்பு. ஒங்க முன்னால முப்பதத் தாண்டப்புடாதுன்னு வீட்டுல எண்ணிப் பழகுனாவ." சுடலைவடிவு சிரிக்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. "தெருவுல காலத் தேச்சிக்கிட்டுத்தான் நடப்பாவ. 'எனக்குத் தெரியும்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா பயந்துருவாவ, வேல போயிரும், ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாத'ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாவ. அதான் நானும் கோர்ட்டுல வாயத் தெறக்கல."

பெனினா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் அந்தக் கால்களை அவள் முன்னால் தேய்த்துத் தேய்த்து நடந்த மாதங்கள் ஒவ்வொன்றாக அவளுக்குள் வந்தன. அவன் நினைத்திருந்தால் புகை வந்த உடனே முதல் ஆளாக வெளியேறியிருப்பான்.

"நான் போட்டிருந்தா, உள்ளபடியே மருந்து போட்டிருந்தா, அவரு மத்தவங்களத் தூக்கப் போயிருக்க மாட்டாரு" என்றாள்.

"மருந்து போட்டிருந்தாலும், வாசப் பக்கம் நின்னிருந்தா நடந்தே வந்திருப்பாவ" என்றாள் சுடலைவடிவு. "நானும் அத நெனச்சிப் பாத்துட்டேன். எல்லாத்தயும் நெனச்சிப் பாத்துட்டேன், சிஸ்டர்." பிறகு சொன்னாள்: "நீங்க போயி சொல்லுங்க. சத்தியம் எனக்குத்தான், ஒங்களுக்கு இல்ல."

மறுநாள் பெனினா சாட்சிக்கூண்டில் ஏறி, தனக்காக யாரும் வாதாடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னாள். மாகாளிக்குப் போடாமல் கிடங்கில் வைத்திருந்த நான்கு திறக்காத குப்பிகளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். குப்பி எண்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. டாக்டர் தாஜுன்னிசா எழுந்து, தன் அறிக்கையில் 'தெரியவில்லை' என்ற இடத்தை அடித்துவிட அனுமதி கேட்டார். பயம் எந்தப் பூட்டையும் திறக்கவில்லை, திறந்திருந்த ஒரே உடம்பு மருந்து ஏறாத உடம்பு, மற்ற பத்துப் பேரும் முயன்றும் முடியாமல் இறந்தவர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார்.

வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முப்பத்தொரு பேரில் எத்தனை பேருக்கு நீங்கள் மருந்து போடாமல் விட்டீர்கள்?"

"ஒருத்தருக்கு."

"மற்ற முப்பது பேருக்கும் நீங்கள்தான் போட்டீர்கள்."

"ஆமா. நான்தான்."

அவர் உட்கார்ந்துகொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த வாரமே ஊசிக்கு இடைக்காலத் தடை வந்தது. ஒன்றரை மாதத்தில் திட்டம் நின்றது. நாற்பதாயிரம் பேரின் தசைகளும் மெல்ல மெல்லத் திறந்துகொண்டன. பல ஊர்களில் ஆண்கள் காலை நேரங்களில் ஒரு காரணமும் இல்லாமல் ஓடினார்கள் என்று செய்தி வந்தது. பெனினாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அரசுப் பதிவேட்டில் பொய் எழுதியதற்காக அவள்மேல் வழக்கும் போட்டார்கள். இரண்டையும் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

எதிர்பார்க்காதது, சாட்சி சொன்ன அன்றே, மண்டபத்தின் வராந்தாவில் நடந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் பெனினா ஒரு பெஞ்சில் தனியாகக் காத்திருந்தாள். பேச்சித்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இறந்த மற்றப் பத்துப் பேரில் வயதில் குறைந்தவன், இருபத்திரண்டு வயதுக் கொம்பையாவின் அம்மா. உப்பளத்தில் வேலை செய்து செய்து கால் வெடித்தவள். திட்டப்போகிறாள், அடிக்கப்போகிறாள் என்று பெனினா காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கணும், தாயி" என்றாள் பேச்சித்தாய். "மாகாளி ஒங்கிட்ட வந்து கேட்டானா, ஊசி வேண்டாம்னு?"

"இல்லம்மா. அவரு ஒரு நாளும் கேக்கல."

"எம்மவன்?"

சாட்சிக்கூண்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை. கொம்பையா நண்பர்கள் நடுவே வாயாடி, அவர்களிடம் உளறிவிடுவான் என்று பயந்து, அவன் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே மருந்தை ஏற்றியவள் அவள்.

"கேட்டான்மா" என்றாள். "மாசாமாசம் கேட்டான்."

பேச்சித்தாய் அதைக் கேட்டு அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கவலை தீர்ந்தவள்போலத் தலையை ஆட்டினாள்.

"கேட்டிருக்கான், என்னா? வெளி மனுசர்ட்ட ஒரு வாய்த் தண்ணி கேக்கவே கூச்சப்படுத பிள்ள. இவன் எங்க போயிக் கேட்டிருக்கப் போறான், வாயத் தெறந்து கேட்டிருந்தா அந்தம்மா விட்டிருப்பாவளேன்னு இம்புட்டு நேரமும் அவன மனசுக்குள்ள ஏசிக்கிட்டுக் கெடந்தேன்."

அவள் எழுந்து, பெனினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானித்து நின்று, பிறகு படியிறங்கிப் போனாள்.